விகுதியிலிருந்து தொடங்குங்கள்

செவிலியர் கல்லூரிகளிலும் துணை மருத்துவப் படிப்புகளிலும் முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு,



நீங்கள் தயார் செய்து அனுப்பும் பிள்ளைகளை வார்டில் எதிர்கொள்கிறவள் நான். சர்க்கரை நோய், தைராய்டு, பிட்யூட்டரி, அட்ரினல் என்று நாளமில்லாச் சுரப்பிகளின் கோளாறுகளோடு வரும் நோயாளிகளுக்கு நடுவில்தான் என் வேலை. அந்தப் பிள்ளைகளின் உழைப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த உழைப்பை நீங்கள் எதில் செலவழிக்க வைக்கிறீர்கள் என்பதில்தான் மனத்தாங்கல். அதை உங்களிடமே நேராகச் சொல்லிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு நோட்டு இருக்கிறது. நடுவில் கோடு கிழித்து இடப்பக்கம் மருத்துவச் சொல், வலப்பக்கம் பொருள். ஹைப்போதைராய்டிசம் ஒரு வரி, ஹைப்பர்தைராய்டிசம் ஒரு வரி, ஹைப்போபாராதைராய்டிசம் ஒரு வரி, ஹைப்பர்பாராதைராய்டிசம் இன்னொரு வரி. ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பதுபோல நான்கையும் தனித்தனியாக நெட்டுருப் போட்டிருக்கிறார்கள். வாரத் தேர்வில் 'பொருத்துக' வந்தால் மதிப்பெண் விழுந்துவிடுகிறது. அடுத்த வாரம் செரிமான மண்டலத்துக்கு வேறொரு பட்டியல் வருகிறது, பழையது போய்விடுகிறது. நோட்டில் இல்லாத ஒரு சொல் கேஸ் ஷீட்டில் இருந்துவிட்டால் வாயடைத்து நிற்கிறார்கள்.

நோட்டில் இருக்கும் சொல்லும் பல நேரம் கைகொடுப்பதில்லை. "பாலியூரியான்னா என்னம்மா?" என்று ஒரு மாணவியைக் கேட்டேன். "யூரியா ஜாஸ்தி ஆகுறது சிஸ்டர்" என்றாள். அவளை எப்படிக் குற்றம் சொல்வது? விவசாயக் குடும்பத்துப் பெண். யூரியா என்றால் அவளுக்கு உர மூட்டை. ரத்தப் பரிசோதனைச் சீட்டிலும் 'பிளட் யூரியா' என்று ஒரு வரி இருக்கிறது. சிறுநீரைக் குறிக்கும் விகுதியும் அந்தக் கழிவுப் பொருளின் பெயரும் நம் காதுக்கு ஒன்றாகவே கேட்கின்றன. 'யூரியா என்று சொல் முடிந்தால் பேச்சு சிறுநீரைப் பற்றியது, எமியா என்று முடிந்தால் ரத்தத்தைப் பற்றியது' என்று முதல் வாரத்திலேயே ஒருவர் சொல்லியிருந்தால் பாலியூரியா, கிளைக்கோசூரியா, கீட்டோனூரியா, நாக்டூரியா எல்லாம் ஒரே மூச்சில் அவளுக்குப் புரிந்திருக்கும். யூரியா ரத்தத்தில் தேங்குவதற்கு யுரீமியா என்று வேறு பெயர் இருப்பதும் தெரிந்திருக்கும்.

நீங்கள் கவனிக்க வேண்டும் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான். சொல்லைப் பிரிக்கும் வித்தை இந்தப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. தமிழ்வழியில் படித்துவிட்டு வருகிறவர்கள் பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதியவர்கள். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று நன்னூல் சொன்ன ஆறையும் விரல்விட்டு எண்ணக் கூடியவர்கள். 'வந்தனன்' என்று கொடுத்தால் வா பகுதி, அது வ எனக் குறுகியது விகாரம், த் சந்தி, அது ந் ஆனது விகாரம், அடுத்த த் இறந்தகால இடைநிலை, அன் சாரியை, கடைசி அன் ஆண்பால் வினைமுற்று விகுதி என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார்கள். ஐந்தெழுத்துச் சொல்லை இத்தனை துண்டாக்கிப் பழகிய பிள்ளைகளிடம் 'ஹைப்போபாராதைராய்டிசம்' என்ற நீளச் சொல்லை முழுசாக விழுங்கச் சொல்கிறீர்கள். ஆங்கிலம் வரவில்லை என்று பிறகு நீங்களே குறைப்பட்டுக்கொள்கிறீர்கள்.

மருத்துவச் சொற்களில் பெரும்பாலானவை கிரேக்கத்திலிருந்தும் லத்தீனிலிருந்தும் வந்தவை. ஆங்கிலவழிப் பிள்ளைக்கும் அவை அந்நியம்தான். அந்த இடத்தில் இரண்டு பேரும் சமம். இன்னும் சொன்னால், தமிழ்வழிப் பிள்ளைக்கு ஒரு படி முன்னிலை உண்டு. ரெட்டினாவில் அழற்சி என்றால் ரெட்டினைட்டிஸ், ரெட்டினாவில் நோய் என்றால் ரெட்டினோபதி. இரண்டாவதில் மட்டும் நடுவில் ஓர் 'ஓ' எங்கிருந்து வந்தது? விகுதி உயிரெழுத்தில் தொடங்கினால் அது வேண்டாம், மெய்யில் தொடங்கினால் உச்சரிக்க வசதியாக அது நுழைகிறது. 'சாரியை மாதிரி' என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள், வகுப்பில் கடைசி வரிசை வரை தலையாட்டும். நெஃப்ரைட்டிஸ், நெஃப்ரோபதி, நியூரைட்டிஸ், நியூரோபதி என்று அவர்களே அடுக்க ஆரம்பிப்பார்கள். சர்க்கரை நோய் கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும் விதத்தை மூன்று 'பதி'களில் அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்துவிடலாம்.

விகுதி தெரிந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு படுக்கையருகே வைத்துக் காட்டுகிறேன். தைராய்டு அறுவைசிகிச்சை முடிந்து மறுநாள், ஓர் அம்மா உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்றார். விரல் நுனியும் மரத்துப்போகிறதாம். ரத்த அழுத்தம் பார்க்கப் பட்டையை இறுக்கியதும் கை விரல்கள் ஒடுங்கி மணிக்கட்டு உள்ளே வளைந்தது. டாக்டர் வந்து பார்த்து கால்சியம் குளுக்கோனேட்டை மெதுவாக நரம்பில் ஏற்றச் சொன்னார். பக்கத்தில் நின்ற மாணவி, "தைராய்டு ஆபரேஷனுக்கும் கால்சியத்துக்கும் என்ன சிஸ்டர் சம்பந்தம்?" என்றாள். கேஸ் ஷீட்டைக் கையில் கொடுத்து, கடைசியிலிருந்து படிக்கச் சொன்னேன்.

அதில் மூன்று சொற்கள் இருந்தன. முதலாவது தைராய்டெக்டமி. எக்டமி என்றால் வெட்டி நீக்குவது, ஆக தைராய்டை எடுத்துவிட்டார்கள். இரண்டாவது ஹைப்போபாராதைராய்டிசம். இசம் என்றால் ஒரு நிலை. ஹைப்போ குறைவு. பாரா என்றால் அருகில், ஆக தைராய்டை ஒட்டியிருக்கும் சுரப்பி. அந்தச் சுரப்பியின் வேலை குறைந்துபோன நிலை. மூன்றாவது ஹைப்போகால்சீமியா. எமியா ரத்தம், நடுவில் கால்சியம், முன்னால் குறைவு. மூன்றையும் அவளே பிரித்தாள். பிரித்து முடித்ததும் கதையையும் அவளே சொன்னாள். தைராய்டின் முதுகுப்புறம் அரிசிமணி அளவில் வழக்கமாக நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன. அறுவையில் அவை அடிபட்டாலோ அவற்றின் ரத்த ஓட்டம் குறைந்தாலோ கால்சியம் இறங்கும். அதனால்தான் இந்த ஊசி. பாடப்புத்தகத்தில் மூன்று வெவ்வேறு பக்கங்களில் கிடந்த சொற்கள் ஒரே நோயாளியின் இரண்டு நாள் வரலாறாகிவிட்டன. அன்று மாலை யாரும் சொல்லாமலே அந்த அம்மாவிடம் போய், "விரல் மரத்துப்போகுதாம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

விகுதிகளை அகர வரிசைப் பட்டியலாகக் கொடுக்காதீர்கள். அதுவும் இன்னொரு நோட்டாகிவிடும். எந்தக் கேள்விக்கு எந்த விகுதி பதில் சொல்கிறது என்று பிரித்துக் கொடுங்கள். எங்கே இருக்கிறது என்று கேட்டால் எமியாவும் யூரியாவும். என்ன ஆயிற்று என்று கேட்டால் ஐட்டிஸ் அழற்சி, ஓமா கட்டி, மெகலி பருத்துப்போதல், பதி நோய், இசம் நிலை. என்ன செய்தார்கள் என்று கேட்டால் எக்டமி. நோயாளி என்ன சொல்கிறார் என்று கேட்டால் டிப்சியா தாகம், ஃபேஜியா தின்பது, ரியா வழிந்தோடுவது. டயரியாவை அறியாத பிள்ளை உண்டா? அதே ரியாதான் தாய்ப்பால் கொடுக்காத பெண்ணுக்குப் பால் கசியும் கேலக்டோரியாவிலும், மாதவிலக்கு நின்றுபோகும் அமெனோரியாவிலும் இருக்கிறது. இந்த இரண்டும் ஒரே பெண்ணிடம் சேர்ந்து வந்தால், கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்தபின், பிட்யூட்டரியில் புரோலாக்டினோமா இருக்குமோ என்று டாக்டர்கள் பார்ப்பார்கள். அங்கேயும் கடைசியில் ஓமா. வயிற்றுப்போக்கிலிருந்து மூளைக்கடியில் இருக்கும் சுரப்பி வரை ஒரு பிள்ளையை அழைத்துப்போக இரண்டு விகுதி போதும்.

ஒலியில் குழம்பும் குடும்பங்களுக்குத்தான் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும். கிளைக்கோஜன், குளுக்ககான், கிளைக்கோஜெனிசிஸ், கிளைக்கோஜெனோலைசிஸ், குளுக்கோநியோஜெனிசிஸ் என்ற ஐந்தையும் எழுதிப் போட்டால் வகுப்பே தலையில் கைவைக்கும். ஜெனிசிஸ் என்றால் உண்டாவது, லைசிஸ் என்றால் சிதைவது என்ற இரண்டை மட்டும் கொடுங்கள். கல்லீரல் கிளைக்கோஜனைச் சேர்த்துவைப்பது ஒன்று, அதை உடைத்து குளுக்கோஸாக்குவது ஒன்று, மாவுச்சத்து அல்லாததிலிருந்து புதிதாகக் குளுக்கோஸ் செய்வது ஒன்று. நியோ என்றால் புதிது என்பதையும் அவர்களே பிடித்துவிடுவார்கள். மிச்சம் குளுக்ககான் ஒன்றுதான். அது கணையம் சுரக்கும் ஹார்மோன், ரத்தச் சர்க்கரையை ஏற்றுவது என்று தனியாகச் சொல்லி வைத்தால் போதும்.

சில இடங்களில் விகுதி மாறினால் வைத்தியமே மாறும். ஹைப்பர்தைராய்டிசமும் தைரோடாக்சிகோசிஸும் ஒன்றுதான் என்று உங்கள் மாணவர்களின் நோட்டில் பார்க்கிறேன். ஒன்றல்ல. இசம் என்று முடிவது சுரப்பியே அளவுமீறி வேலை செய்யும் நிலை. ஓசிஸ் என்று முடிவது, உடம்பில் தைராய்டு ஹார்மோன் நஞ்சாகும் அளவுக்குக் கூடிப்போனதன் விளைவு. அது எங்கிருந்து வந்தது என்பது வேறு கேள்வி. தைராய்டைட்டிஸில் அழற்சியால் சுரப்பி உடைந்து, ஏற்கெனவே சேர்த்துவைத்த ஹார்மோன் கசியலாம். தைராக்சின் மாத்திரையை அதிகம் போட்டுக்கொண்டவருக்கும் அதே படபடப்பும் நடுக்கமும் வரும். கார்பிமசோல் புதிதாக ஹார்மோன் செய்வதைத் தடுக்கும் மருந்து. கசிந்துவிட்டதை அது ஒன்றும் செய்யாது. இவருக்கு ஏன் டாக்டர் கார்பிமசோல் எழுதவில்லை என்று குழம்பும் மாணவிக்குப் பதில் அந்தச் சொல்லின் வாலிலேயே இருக்கிறது.

மருந்தின் பெயருக்கும் இந்த ஒழுங்கு உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1953 முதல் மருந்துகளின் பொதுப்பெயர்களைப் பட்டியலிட்டு வெளியிடுகிறது. ஒரே வகை மருந்துகளுக்கு ஒரே வாலை ஒட்டுவது அதன் வழக்கம். சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனெலிகிளிப்டின் எல்லாம் ஒரு குடும்பம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் இன்னொரு குடும்பம். இந்த இரண்டாவது குடும்பம் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகிறது. அதைச் சாப்பிடுகிறவரின் சிறுநீரில் சர்க்கரை நிறைய இருப்பது மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். இது தெரியாத மாணவி சிறுநீர்ச் சோதனையைப் பார்த்துவிட்டு, "சுகர் கன்ட்ரோல்லயே இல்லையே" என்று நோயாளியைப் பயமுறுத்துவாள். கிளைக்கோசூரியா இருந்தால் ஹைப்பர்கிளைசீமியாவும் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பது, யூரியாவையும் எமியாவையும் தனித்தனியாகப் பார்க்கக் கற்றவளுக்கே விளங்கும்.

இதெல்லாம் வெறும் மொழி விளையாட்டு, உயிர் போகிற விஷயமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். உயிர் போயிருக்கிறது. டயபடீஸ் மெலிட்டஸ், டயபடீஸ் இன்சிபிடஸ் என்ற இரண்டு நோய்களை எடுத்துக்கொள்ளுங்கள். டயபடீஸ் என்றால் ஒழுகிப்போவது. நம்முடைய நீரிழிவு என்ற சொல்லும் அதையேதான் சொல்கிறது. மெலிட்டஸ் தேன்போல் இனிப்பது, மதுமேகம் என்று நம் வைத்தியர்கள் சொன்னது. இன்சிபிடஸ் என்றால் சுவையற்றது. இரண்டாவது நோய்க்கும் சர்க்கரைக்கும் சம்பந்தமே இல்லை. நீரைத் தக்கவைக்கும் வாசோபிரசின் ஹார்மோன் சுரக்காததாலோ, சுரந்தும் சிறுநீரகம் அதற்குச் செவிசாய்க்காததாலோ வருவது. ஹார்மோன் சுரக்காதவர்களுக்கு டெஸ்மோபிரசின் மருந்து தவறாமல் போய்ச் சேர வேண்டும். முதல் சொல்லைப் பார்த்ததும் சர்க்கரை நோய் என்று நினைத்துக்கொண்ட மருத்துவமனை ஊழியர்களால் அந்த மருந்து நிறுத்தப்பட்டிருக்கிறது, நோயாளிகள் இறந்தும் இருக்கிறார்கள். 2022ஆம் ஆண்டு உலகின் நாளமில்லாச் சுரப்பியியல் வல்லுநர்கள் கூடி, அந்த நோயின் பெயரையே ஆர்ஜினின் வாசோபிரசின் குறைபாடு, ஆர்ஜினின் வாசோபிரசின் எதிர்ப்பு என்று இரண்டாக மாற்றப் பரிந்துரைத்ததற்கு இந்தக் குழப்பமும் ஒரு முக்கியக் காரணம். பெயரின் பின்பாதியைப் படிக்காமல் விட்டதற்கு நோயின் பெயரையே மாற்ற வேண்டிவந்தது என்றால், அதைப் படிக்கச் சொல்லித்தருவதை உபரி வேலை என்று எப்படித் தள்ளுவது?

நீங்கள் சொல்லப்போகும் மறுப்புகளும் எனக்குத் தெரியும். விகுதியை நம்பினால் ஏமாந்துபோவார்கள் என்பீர்கள். உண்மைதான். ஹீமடோமா ரத்தம் கட்டியது, புற்றுக்கட்டி அல்ல. கிளாக்கோமா கண் நோய். ஹைப்போதலாமஸில் வரும் ஹைப்போவுக்குக் குறைவு என்று பொருள் சொன்னால் தப்பாகிவிடும், அங்கே அது 'கீழே' என்று பொருள்படும். தைராய்டைட்டிஸ் என்றதும் வலியும் காய்ச்சலும் இருக்கும் என்று எதிர்பார்த்தால், 1912இல் ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ விவரித்த வகையில் பெரும்பாலும் வலியே இருக்காது. ஆனால் விதிவிலக்கு விளங்க வேண்டுமானால் விதி தெரிந்திருக்க வேண்டும். புணர்ச்சி விதிக்கும் விதிவிலக்கு உண்டு, அதற்காக இலக்கணப் பாடத்தை எடுக்காமல் விட்டோமா? விகுதி எந்தத் திசையில் பார்க்க வேண்டும் என்று காட்டும். மற்றதை நோயாளியையும் சோதனை முடிவையும் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள்.

நேரம் இல்லை, தேர்வில் இப்படிக் கேட்பதில்லை என்பீர்கள். பல்கலைக்கழகத் தேர்வு உங்கள் கையில் இல்லை. வாரத் தேர்வு உங்கள் கையில்தான் இருக்கிறது. நேரத்தைப் பொறுத்தவரை, ஒரு விகுதியைக் கற்பிக்கும் நேரம் அடுத்த மண்டலத்திலும் அதற்கடுத்த மண்டலத்திலும் திரும்பக் கிடைக்கும். ஐட்டிஸும் எக்டமியும் தைராய்டோடு நிற்பவை அல்லவே.

தமிழில் விளக்கினால் தரம் குறையும் என்ற பயமும் உங்களில் சிலருக்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். நான் அவ்வளவு தூரம் கேட்கவில்லை. சொல் அப்படியே இருக்கட்டும், அதைப் பிரித்துக் காட்டும் பேச்சு தமிழில் இருக்கட்டும் என்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு, அது எங்கள் நோயாளிகளைப் பற்றியது. "எனக்குத் தைராய்டு இருக்கு" என்றுதான் வருகிறவர்கள் சொல்வார்கள். தைராய்டு எல்லாருக்கும் இருக்கிறது. அவர்கள் சொல்லாமல் விட்டது சொல்லின் முன்பாதியும் பின்பாதியும்தான், நோய் இருப்பதும் அங்கேதான். குறைவா கூடுதலா, அழற்சியா கட்டியா, எடுத்துவிட்டார்களா இல்லையா என்று கேட்டு நிரப்ப வேண்டியவள் வரலாறு எழுதும் செவிலி. விட்டுப்போன துண்டு எது என்று அவளுக்கே தெரியாவிட்டால் 'தைராய்டு உண்டு' என்று எழுதிவிட்டுப் போய்விடுவாள். கார்பிமசோல் சாப்பிடும் ஒருவர் தொண்டை வலியோடும் காய்ச்சலோடும் வந்திருந்தால், அந்த மருந்தால் வெள்ளை அணுக்கள் குறைந்துபோயிருக்கலாம் என்று உடனே டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். 'தைராய்டு உண்டு' என்ற இரண்டு சொல்லில் அந்த எச்சரிக்கை எங்கே இருக்கிறது?

ஆகவே உங்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் நான்குதான்.

மண்டலங்களுக்குள் நுழையும் முன், முதல் இரண்டு வாரத்தை விகுதிகளுக்கும் முன்னொட்டுகளுக்கும் ஒதுக்குங்கள். பகுபத உறுப்பிலக்கணத்தைப் பெயர் சொல்லி நினைவூட்டி, அதிலிருந்தே ஆரம்பியுங்கள்.

வாரத் தேர்வில் 'பொருத்துக'வைக் குறைத்து, பிள்ளைகள் இதுவரை பார்த்திராத ஒரு சொல்லைக் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். அட்ரினலெக்டமியோ ஹைப்பர்ஆல்டோஸ்டிரோனிசமோ எதுவாகவும் இருக்கட்டும். தவறாகப் பிரித்தாலும் முயற்சிக்கு மதிப்பெண் போடுங்கள்.

ஹைப்போ, ஹைப்பர் இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பழக்குங்கள். தொலைபேசியில் "ஹைப்போ, குறைவு", "ஹைப்பர், கூடுதல்" என்று பொருளையும் சேர்த்துச் சொல்லும் வழக்கத்தை முதலாண்டிலேயே ஏற்படுத்துங்கள். ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கி வியர்த்துக் கிடப்பவருக்கு, காதில் தவறாக விழுந்த ஓர் அசையால் இன்சுலின் போய்விடக் கூடாது.

கடைசியாக, பெயரும் அடையாளமும் நீக்கிய ஒரு கேஸ் ஷீட்டை மாதம் ஒருமுறையாவது வகுப்புக்குக் கொண்டுவந்து, அதிலிருக்கும் சொற்களைப் பின்னாலிருந்து படித்து நோயாளியின் கதையைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் எழுதுவதை அவர்கள் பிறகு கற்றுக்கொள்வார்கள்.

இந்த நான்கையும் ஒரே ஒரு பருவத்துக்குச் செய்து பாருங்கள். அதன்பின் உங்கள் மாணவர்களை எங்களிடம் அனுப்புங்கள். வார்டில் மிச்சத்தைச் சொல்லித்தர நாங்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் மாணவர்களோடு வேலை பார்க்கும் வார்டுச் செவிலி ஒருத்தி